கதிர் ஏன் பொக்கையானது?
(தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஒரே வரிசையாக எட்டுப் பைகளில் ஸ்வீட் கார்ன் வைத்தேன். பங்குனி நடுவில் ஊன்றிய விதைகள் ஆளுயரம் வளர்ந்து கதிரும் விட்டன. ஆனால் மடலை உரித்தால், பொக்கை வாயைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மணிகள் இருக்கின்றன. உரம் போதவில்லையா?
– ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: ஆளுயரம் வளர்ந்த செடிக்கு உரம் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை மகரந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. மக்காச்சோளத்தில் செடியின் உச்சியில் விரியும் பூங்கொத்து ஆண் பூ. இடையில் கணுவை ஒட்டி வரும் கதிரே பெண் பூ. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளை வெறும் அலங்காரமாக நினைத்துவிட வேண்டாம். ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரு மணிக்குச் சொந்தமானது. 500 மணி பிடிக்க வேண்டுமென்றால் 500 இழைகளின் மீதும் மகரந்தம் விழுந்தாக வேண்டும். எந்த இழைக்குக் கிடைக்கவில்லையோ அந்த மணியின் இடம் வெறுமையாகிவிடும்.

இந்த மகரந்தத்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் காற்றுதான். ஒரே வரிசையில் நின்ற உங்கள் செடிகளின் மகரந்தம், மாடிக் காற்றில் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போயிருக்கும். அதே எட்டுச் செடிகளை நான்கு நான்காக இரு வரிசையில் வைத்திருந்தாலே பலன் கூடியிருக்கும்; பன்னிரண்டு செடிகளைச் சதுரமாக நெருக்கி வைப்பது இன்னும் நல்லது. தரையில் வைப்பவர்கள் வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி முக்கால் அடி முதல் 1 அடி வரையும் விட்டால் போதும்.

இரண்டாவது காரணம் வெயில். பங்குனி நடுவில் ஊன்றியது ஏறக்குறைய ஐம்பது நாளில், அதாவது அக்கினி நட்சத்திரத்தில் பூத்திருக்கும். மதுரையின் அந்த வெயிலில், அதுவும் சிமெண்ட் தளத்தின் மேல், மகரந்தம் உதிர்ந்த சற்று நேரத்தில் உயிரிழந்துவிடும், இழைகளும் வாடும். தண்ணீர் குறைந்தால் இழைகள் வெளிவருவதே தாமதமாகி, அவை வரும்போது ஆண் பூ உதிர்த்து முடித்திருக்கும். ஆகவே மார்கழியில் ஊன்றி மாசியில் பூக்கவிடுங்கள். பூத்திருக்கும் நாட்களில் மண் ஒரு வேளைகூடக் காயக்கூடாது.

எட்டே செடிதான் என்றால் கையாலேயே சேர்க்கை செய்துவிடலாம். காலை ஒன்பது மணியளவில், பனி ஈரம் உலர்ந்த பின், ஒரு காகித உறையை ஆண் பூவின் மேல் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் மஞ்சள் பொடி சேரும். அதை உடனே இழைகளின் மேல் தூவ வேண்டும். நான்கைந்து நாள் தொடர்ந்து செய்வது அவசியம்; ஏனெனில் கதிரின் அடிப்பக்கத்து மணிகளின் இழைகள் முதலிலும் நுனி மணிகளின் இழைகள் கடைசியிலும் வெளிவருகின்றன. நுனி மட்டும் வெறுமையாக இருந்திருந்தால், நீரோ சத்தோ கடைசியில் குறைந்தது என்று நானும் உரத்தைச் சந்தேகித்திருப்பேன்.

கேள்வி: எங்கள் கொல்லையில் விளைந்த ஸ்வீட் கார்னில் இனிப்பே இல்லை, மணியும் கெட்டியாக இருக்கிறது. கடைக்காரர் விதையை மாற்றிக் கொடுத்துவிட்டாரா? எங்களைச் சுற்றிலும் மானாவாரி மக்காச்சோளக் காடு.
– ஒரு வாசகர், பேரையூர் வட்டம்

பதில்: கடைக்காரரைக் கோபிக்கும் முன் உங்கள் கடைசி வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். இனிப்பு ரகத்தின் மணியில் சர்க்கரை மாவாக மாறுவது தடைபட்டிருக்கும். அந்தக் குணம் ஒடுங்கிய குணம்; அதாவது ஆண், பெண் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அடுத்த தலைமுறை வரை காத்திராமல் அந்த மணியே மாவுப் பிடிப்பாகிவிடும். ஊர்க்காடு புரட்டாசி மழைக்கு விதைக்கப்படுகிறது என்றால், நீங்கள் குறைந்தது மூன்று, நான்கு வாரம் தள்ளி, இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதபடி விதையுங்கள்.

அறுவடை தாமதமானாலும் இதே கெட்டித்தன்மை வரும். இழை வெளிவந்து ஏறத்தாழ இருபது நாளில், அது பழுப்பாகிக் காய்ந்திருக்கும்போது, ஒரு மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இளசு, மாவாக வந்தால் முற்றல். இதற்காகத் தினமும் மடலைப் பிரிக்காதீர்கள். ஆர்வக் கோளாறில் நான் அப்படிப் பிரித்துப் பார்த்த கதிர்கள் அனைத்தும் எறும்புக்கும் அணிலுக்கும் போயின. கையால் அழுத்தி நுனி வரை பருத்திருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு கதிரை மட்டும் சோதித்தால் போதும். ஒடித்த கதிரை அன்றே அவித்துவிடுங்கள். வைக்க வைக்க இனிப்பு இறங்கும்.

கேள்வி: குருத்தில் ஓட்டை ஓட்டையாக இலை, உள்ளே மரத்தூள் போல எச்சம். என்ன பூச்சி?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: 2018இல் நம் நாட்டில் நுழைந்த படைப்புழுவாக இருக்கும். புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் கையால் பொறுக்கி நசுக்குவதே முதல் வைத்தியம். இலையடியில் குவியலாக இருக்கும் முட்டைகளையும் விடாதீர்கள். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிய சாற்றை, மாலையில் குருத்துக்குள் இறங்குமாறு தெளியுங்கள். புழு பெரிதாகிக் குருத்துக்குள் ஆழப் புகுந்த பிறகு இந்தச் சாறு அவ்வளவாகப் பலிக்காது. ஆகவே முளைத்த இரண்டாவது வாரத்திலிருந்தே காலையில் ஒரு முறை குருத்தை விரித்துப் பாருங்கள்.