உடைந்த கையை விடுங்கள், பில்லை எடுங்கள்

கேள்வி: புது வீட்டு வரவேற்பறைக்காகச் சென்னையில் ஒரு கடையில் 42,000 ரூபாய் கொடுத்து மூன்றடி உயரக் கிருஷ்ணர் சிலை வாங்கினோம். பில்லில் ‘மார்பிள் கிருஷ்ணர்’ என்று எழுதியிருக்கிறது. லாரி பார்சலில் வந்தபோது புல்லாங்குழல் பிடித்த வலது கை மணிக்கட்டோடு உடைந்திருந்தது. மறுநாள் கிரகப்பிரவேசம். என் கணவரே அரால்டைட் போட்டு ஒட்டினார். கை உள்ளே கூடாக இருந்ததால் செய்தித்தாளைத் திணித்து எம்-சீல் வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசினார். இப்போது ஒட்டிய இடம் மஞ்சளடித்துவிட்டது. தோளிலும் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. முதலில் “போட்டு உடைத்துவிட்டு என்மேல் பழியா?” என்று கத்திய கடைக்காரர், இப்போது ஆள் அனுப்பி இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். பின்னமான சிலை வீட்டில் ஆகாது, காவிரியில் விட்டுவிடு என்கிறார் மாமியார். ஐந்து மாதமாக நிம்மதி இல்லை. 5 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா?
வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான் மேலே இருப்பது. முழுக் கடிதம் நான்கு பக்கம். கிரகப்பிரவேசத்தன்று நாத்தனார் சொன்ன சொல், கடைக்காரரின் மனைவி போனைத் துண்டித்தது, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட வீடியோ, அதற்கு வந்த ஆறுதல்கள் எல்லாவற்றையும் படித்தேன். எதுவும் மனுவில் ஏறாது. அந்த வீடியோவை மட்டும் இன்றே நீக்குங்கள். ‘திருடன்’ என்று பெயர் சொல்லி எழுதினால், அவதூறு என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவைக் காட்டி அவர் உங்களுக்கு நோட்டீஸ் விடுவார். நியாயம் கேட்கப் போனவர் ஜாமீனுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தில் நான் நின்றுபோன இடம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: கை உள்ளே கூடாக இருந்தது, உடைந்த ஓரத்தில் கடுகளவு குமிழிகள் தெரிந்தன.

கல்லில் செதுக்கிய கை கூடாக இருக்காது. அதில் காற்றுக் குமிழியும் இருக்காது. நீங்கள் வாங்கியிருப்பது, அநேகமாக, பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிளாஸ்டிக் பிசினில் மார்பிள் தூளைக் கலந்து ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த சிலை. தூள் சேர்வதால் கனம், வெண்மை, தொட்டால் சில்லென்றிருப்பது எல்லாம் கல்லைப் போலவே இருக்கும். ரெசின் சிலை விற்பதில் தவறில்லை. ரெசினுக்கு ‘மார்பிள்’ என்று பில் போடுவதுதான் தவறு. பொருள் எதனால் ஆனது என்று பொய்யாகச் சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. உங்கள் வழக்கு இதுதான். உடைந்த கை உங்கள் வழக்கு அல்ல.

ஏன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வந்த பொருளை ஏற்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பொருள் இன்னும் விற்றவருடையதுதான் என்பதற்கு முரணான எதையாவது அதன் மேல் வாங்கியவர் செய்துவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளும். பசை போட்டு, புட்டி வைத்து, வண்ணமும் பூசினால் வேறெப்படிக் கொள்வது? அதன் பிறகு, அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளை வேண்டாம் என்று திருப்ப முடியாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். நுகர்வோர் சட்டம் இதற்கு மேலும் நிவாரணம் தரக்கூடியதுதான், நுகர்வோர் ஆணையம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். ஆனால் ஆணைய உறுப்பினர் கேட்கப்போகும் முதல் கேள்வி, “உடைந்தது உங்கள் வீட்டில் இல்லை என்பதற்கு என்ன சாட்சி?” என்பதாக இருக்கும். லாரி ரசீதில் ‘உடைந்து வந்தது’ என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என்ன சொல்வீர்கள்?

லாரிக்காரர் மேல் கேட்பதென்றால் அதற்கும் நாள் முடியப்போகிறது. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பார்சல் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். ஐந்து மாதம் ஓடிவிட்டது என்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை. ரசீது எண்ணைக் குறிப்பிட்டு நீங்களே ஒரு பக்கம் எழுதி இந்த வாரமே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கதவை மூடாமல் வைத்திருக்கத்தான் இது.

இனி நான் உண்மையிலேயே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் அனுப்புவதாகச் சொல்லும் அந்த ஆள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். வாசலில் வைக்க ஒரு ஜோடி யானை, ‘ஒரே கல்’ என்று சொல்லி விற்றது. ஒன்றின் தும்பிக்கையில் சில்லு பெயர்ந்ததும் உள்ளே இருந்த நார் தெரிந்துவிட்டது. கடையிலிருந்து ஒருவர் வந்தார். பணிவான மனிதர், டீ கூட வேண்டாம் என்றாராம். பெயர்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார், புட்டி பூசினார், அடிப்பாகத்தில் இருந்த துளையையும் “மழைத் தண்ணீர் ஏறிவிடும்” என்று அடைத்தார், ஸ்பிரே அடித்தார். போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ‘திருப்திகரமாகப் பழுது நீக்கப்பட்டது, வேறு கோரிக்கை எதுவும் இல்லை.’ யானை புதிதுபோல் ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் வெயிலில் புட்டி வெடித்தது. என்னிடம் வந்தபோது அவர்கள் கையில் இருந்தது பில்லும், அந்தத் தாளின் ஜெராக்ஸும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உங்கள் வீட்டுக்கு வருபவர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கை வைக்கப்போகும் இடம் எது என்று யோசியுங்கள். மணிக்கட்டுக்குள் செய்தித்தாள், அரால்டைட், எம்-சீல், அக்ரிலிக் வண்ணம் இருக்கின்றன. அதிலிருந்து மாதிரி எடுத்தால் ஆய்வகம் உங்கள் கணவரின் கைவேலையைப் பற்றித்தான் அறிக்கை தரும். தோளில் விட்டிருக்கும் விரிசல் அப்படியல்ல. அங்கே இன்னும் யார் கையும் படவில்லை. பொருள் என்னவென்று பார்க்க மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். அந்த ஆய்வு நடக்க வேண்டிய இடம் தோள்தான். அதை ஒட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், ‘தற்காலிகமாக’ டேப் கூடப் போடாதீர்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார், ஆசிட் விட்டுப் பார் என்று யாராவது சொல்வார்கள். ஆசிட் பட்டால் நிஜ மார்பிளைப் போலவே ரெசினில் கலந்த மார்பிள் தூளும் நுரைக்கும். உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

உடைந்த அன்று உங்கள் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கூடான கை தெரிகிறது என்றால், படம் எடுத்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அந்தப் படத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பார்சல் வந்த பெட்டியை வீசியிருக்காவிட்டால், தெர்மோகோலுக்கு அடியில் தேடிப் பாருங்கள், மணிக்கட்டுச் சில்லு ஏதாவது கிடக்கும். ஒட்டாத ஒரு சில்லு, ஒட்டிய சிலையைவிட மேலான சாட்சி.

மாமியாரிடம் வழக்கு முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூஜை அறைக்கு வெளியே, துணி போர்த்தி வைத்தால் போதும் என்றால் ஒப்புக்கொள்வார். காவிரியில் விட்டால் சிலையோடு வழக்கும் போகும். தவிர, ரெசின் கரையாது. முக்கொம்பில் விட்டால் அடுத்த கதவணையில் நிற்கும்.

5 லட்சம் பற்றி. ஆணையம் பார்ப்பது நீங்கள் கொடுத்த 42,000 ரூபாயை. மன உளைச்சலுக்குச் சில ஆயிரங்கள், செலவுத் தொகை என்று கொஞ்சம் சேரலாம். அதற்கு ஓரிரண்டு வருடம், பத்துப் பன்னிரண்டு வாய்தா, ஆய்வகக் கட்டணம், கணவரின் விடுப்பு. குறுக்கு விசாரணைக் கேள்விகளிலும் உங்கள் கணவரின் எம்-சீல்தான் முதலில் வரும்.

எனவே சமரசம் பேசுங்கள். ‘உடைந்தது’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஐந்து மாதமாக அதைத்தான் சொல்கிறீர்கள், அவருக்கும் பதில் தயாராக இருக்கிறது. ‘மார்பிள் என்று பில் போட்டிருக்கிறீர்கள், பொருள் மார்பிள் இல்லை, ஆய்வுக்கு அனுப்பக் கேட்கப்போகிறோம்’ என்று இரண்டு வரி எழுதி, பில் நகலை இணைத்து அனுப்புங்கள். அந்தச் சொல்லை எத்தனை பில்லில் எழுதியிருக்கிறோம் என்று அவருக்குத்தான் தெரியும். 30,000 தந்து சிலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். 25,000 என்றாலும் நான் வாங்கிக்கொள்ளத்தான் சொல்வேன். மாற்றுச் சிலை தருகிறேன் என்றால் வேண்டாம். அதுவும் அதே அச்சில் ஊற்றியதாகத்தான் இருக்கும்.

பணம் கணக்கில் வந்த பிறகே சிலை வாசலைத் தாண்ட வேண்டும். லாரி வாடகை அவருடையது.