தொப்பியில் டீ பேக்

அன்புள்ள ஐயா,
2009இல் அமெரிக்காவில் அரசின் செலவையும் கடனையும் எதிர்த்து நடந்த ‘டீ பார்ட்டி’ போராட்டங்களைப் பற்றிப் படித்தேன். லட்சக்கணக்கில் வேலை போய்க்கொண்டிருந்த நேரம். அரசு பணத்தை இறக்குகிறது, பலனடைய வேண்டியவர்களே தெருவுக்கு வந்து எதிர்க்கிறார்கள். இவர்கள் முட்டாள்களா, ஏவிவிடப்பட்டவர்களா?
ர.

அன்புள்ள ர.,
பரீட்சைத்தாள் மாதிரி இரண்டே விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்கிறீர்கள். ஏவிவிட்டவர்களும் இருந்தார்கள், பணமும் டிவியும் பின்னால் நின்றன, அதை விடுங்கள். ‘முட்டாள்கள்’ என்று எழுதியதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும்.

அந்த ஏப்ரலில் நான் ஓஹையோவில் தம்பி வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர்; பனிக்காலத்தில் தம்பி திணறினால் கேட்காமலே வந்து வாசலைச் சுத்தம் செய்துகொடுப்பவர். 15ஆம் தேதி, வரிக்கணக்கு கொடுக்கக் கடைசி நாள், வைக்கோல் தொப்பியின் விளிம்பில் ஆறேழு டீ பேக்கை ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு கிளம்பினார். தூறலில் திரும்பி வந்தபோது காலரெல்லாம் பழுப்புக் கறை. “வங்கிக்காரன் சூதாடித் தோற்றான், என் பேரன் கட்டணுமா?” என்றார். புஷ் காலத்தில் வங்கிகளுக்கு ஒதுக்கிய 70,000 கோடி டாலரும், பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஒபாமா கையெழுத்திட்ட 78,700 கோடி டாலரும் அவருக்கு ஒரே கடன். கணக்கு தப்பு, சரி. கோபமும் தப்பா? இந்தப் போராட்டத்துக்குப் பெயர் தந்த பழைய ‘டீ பார்ட்டி’, 1773இல் பாஸ்டனில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதற்கும் பின்னால், கடனில் மூழ்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்ற லண்டன் போட்ட சட்டம்தான் இருந்தது.

ஒபாமாவின் அந்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிக்குறைப்பு. வேலை செய்கிறவருக்கு வருஷம் 400 டாலர் வரை, தம்பதிக்கு 800. காசோலையாகக் கொடுத்தால் சேமித்துவிடுவார்கள், மாதாமாதம் வரிப் பிடித்தத்தைக் குறைத்தால் தெரியாமலே செலவழிப்பார்கள் என்பது பொருளாதார மேதைகளின் யோசனை. மேதைகள்! தம்பியின் மார்ச் சம்பளச் சீட்டையும் ஏப்ரல் சீட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், பிடித்தம் முப்பது டாலர் சொச்சம் குறைந்திருந்தது. பெட்ரோல் போட்டதைக்கூட டைரியில் எழுதுகிறவன் அவன், கவனிக்கவே இல்லை. அடுத்த பிப்ரவரியில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், ஒபாமா வரியைக் குறைத்தார் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான். வங்கிக்குக் கொடுத்ததைத் தலைப்புச் செய்தியில் கொடுத்தார்கள், இவனுக்குக் கொடுத்ததைச் சீட்டின் ஓர் ஓரத்தில் ஒளித்துவைத்தார்கள். அப்புறம் ஜனங்களுக்கு நன்றியில்லை என்றால்? பந்தியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் பரிமாறிவிட்டு, அவன் பசிக்கிறது என்று கத்தினால் முட்டாள் என்பீர்களா ர.? நீங்கள் நல்ல பையன், ஆனால் புள்ளிவிவரம் படித்த கையோடு ஆட்களைத் தரம் பிரிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள்.

பெரியவரை விட்டுவிட்டேனே. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக்காரர்களுக்கு அதே சட்டத்தில் ஒருமுறை மட்டும் 250 டாலர். மே மாதம் அவருக்கும் வந்தது, இது காசோலையாகவே. திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிப்பதாக வேலியோரம் நின்று சொன்னார். மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கூரையோரத் தண்ணீர்க் குழாயை மாற்ற ஏணியோடு ஒருவன் வந்திருந்தான்.