ஃபரூக் அந்தப் பெனால்டியைப் போட்டிருந்தால்?

கேள்வி: யுகோஸ்லாவியா உடையாமல் இருந்திருந்தால், குரோவேஷியாவின் மோட்ரிச், ஸ்லோவேனியாவின் ஒப்லாக், போஸ்னியாவின் ஜேக்கோ எல்லாரும் ஒரே அணியில் ஆடி உலகக் கோப்பைகளை அள்ளியிருப்பார்களே! அரசியல்தானே அருமையான கால்பந்து அணியைக் கெடுத்தது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: உடையாமல் இருந்த காலத்தில் எத்தனை அள்ளினார்கள்? உலகக் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஐரோப்பியக் கோப்பையில் 1960, 1968 இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. ஒலிம்பிக்கில் வரிசையாக மூன்று வெள்ளி வாங்கி, 1960-ல்தான் தங்கம். நல்ல அணிதான், சந்தேகமில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர்களிடம் 10-1 என்று உதை வாங்கியது நம் இந்திய அணி. 1956 மெல்போர்ன் அரையிறுதியில் நெவில் டிசூசா முதல் கோலைப் போட்டு நமக்கு ஆசை காட்டினார். கடைசியில் 4-1.

அப்புறம், அரசியல் என்னவோ 1990-களில் புதிதாக உள்ளே நுழைந்தது போலக் கேட்கிறீர்கள். 1930-ல் முதல் உலகக் கோப்பைக்குப் போன அணியில் குரோவேஷியர்கள் இல்லை. கால்பந்து சங்கத்தின் தலைமையகத்தை குரோவேஷியாவின் ஜாக்ரெப்பிலிருந்து செர்பியாவின் பெல்கிரேடுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வரவில்லை. யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவும் சோவியத் தலைவர் ஸ்டாலினும் முறைத்துக்கொண்டிருந்த 1952-ல் சோவியத் அணியோடு 5-1 என்று முன்னிலையில் இருந்து, 5-5 என்று கோட்டைவிட்டு, மறு ஆட்டத்தில் 3-1 என ஜெயித்தார்கள். அந்தக் கோபத்தில் ஸ்டாலின் ஆட்சி தன் ராணுவக் கிளப்பையே கலைத்தது. அன்றைக்கு பெல்கிரேடில் அரசியல் யாருக்கும் கசக்கவில்லை!

சரி, 1990-க்கு வருவோம். ஃப்ளோரன்ஸில் அர்ஜென்டினாவோடு கால் இறுதி. அரை மணி நேரத்திலேயே ஒருவருக்குச் சிவப்பு அட்டை. மீதிப் பத்துப் பேர் கூடுதல் நேரம் முடியும்வரை கோல் விடாமல் நின்றார்கள். பெனால்டியில் மாரடோனா அடித்ததையே கோல்கீப்பர் இவ்கோவிச் பிடித்துவிட்டார். ஆனால் கடைசியில் ஃபரூக் ஹஜிபேகிச் அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் கோய்கோச்சியா தடுக்க, கதை முடிந்தது. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் நாடே பிழைத்திருக்கும் என்று அங்கே இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. பாவம் ஃபரூக், ஒரு நாட்டின் தலையெழுத்தையே அவர் காலில் கட்டிவிட்டார்கள். உண்மையில் அதற்கு நான்கு வாரம் முன்பே, ஜூன் 3-ல் ஜாக்ரெப் மைதானத்தில், சொந்த ஊர்க் கூட்டம் யுகோஸ்லாவிய தேசிய கீதத்துக்குக் கூச்சல் போட்டு, எதிரணியான ஹாலந்துக்குக் கைதட்டியது. அதே மைதானத்தில் மே மாதம் ஜாக்ரெப்பின் டினாமோ - பெல்கிரேடின் ரெட் ஸ்டார் ஆட்டத்தின்போது பெருங்கலவரம். போலீஸ்காரரை எட்டி உதைத்த டினாமோ வீரர் போபனுக்குத் தடை விதிக்கப்பட்டு, உலகக் கோப்பையே போயிற்று. இதையெல்லாம் ஒரு பெனால்டி ஒட்ட வைத்திருக்குமா?

உங்கள் ஆதங்கம் 1992-க்குப் பொருந்தும். ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்று, அணி ஸ்வீடனில் போய் இறங்கிய பிறகு, ஐ.நா. தடையால் திருப்பி அனுப்பினார்கள். தகுதிச் சுற்றில் அதே பிரிவில் இரண்டாவதாக வந்த டென்மார்க் அந்த இடத்தில் நுழைந்து கோப்பையையே தூக்கியது. ஆனால் ஸ்வீடன் போன அணியிலும் குரோவேஷியர்கள் கிடையாது. குரோவேஷியா தனிநாடாகப் பிரிந்து போர் தொடங்கியதும் விலகிவிட்டார்கள். பயிற்சியாளர் இவிசா ஓசிமும் மே 23-லேயே ராஜினாமா செய்திருந்தார். முற்றுகையில் சிக்கியிருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோ அவருடைய சொந்த ஊர்; மனைவியும் மகளும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த அணியில் மிக நேர்மையான முடிவு அவருடையதுதான்.

நீங்கள் முதலில் சொன்ன மோட்ரிச்சின் தாத்தா 1991-ல் அந்தப் போரில் கொல்லப்பட்டவர். குடும்பம் அகதியாக ஹோட்டல் அறையில் வாழ்ந்தது. அவர் வளர்ந்து ஆடிய குரோவேஷியாவின் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். 1998-ல் மூன்றாம் இடம், 2018-ல் இரண்டாம் இடம், 2022-ல் மறுபடி மூன்றாம் இடம். ஒன்றாக இருந்த யுகோஸ்லாவியா உலகக் கோப்பையில் அரையிறுதியைத் தாண்டியதே இல்லை. கோப்பைக் கணக்குதான் உங்களுக்கு முக்கியம் என்றால், அதிலும் உங்கள் கட்சி தோற்கிறது.