பகலில் சாய்ந்து இரவில் நிமிரும் சுவர்

பக்கத்தில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள், சுவரில் பொருத்திய சாய்வுமானியின் (சுவர் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் கருவி) அளவு மதியம் ஏறி இரவில் இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்து வெயிலுக்கு அது சகஜம்தான் சார். சுவர் சூடேறி விரிகிறது. தினமும் விடியற்காலை 5 மணி அளவுகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அவையும் ஒரே பக்கமாக நகர்ந்தால்தான் கவலை.

எனக்குப் பயம் பள்ளத்தில் ஓடும் மோட்டார்மேல்தான். இறைக்க இறைக்க நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, நம்ம டெல்டா களிமண் மெல்ல அமுங்கும். நீரோடு மணலும் வந்தால் இன்னும் மோசம், அஸ்திவாரத்துக்கு அடியில் வெற்றிடம் விழலாம். வெளியேறும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தெளிய விடுங்கள்; அடியில் மணல் தங்கினால் அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வீடு மொத்தமும் சீராக இறங்கினால் சாய்வுமானி காட்டாது. பள்ளத்தின் பாதிப்பு எட்டாத இடத்தில் ஒரு நிலைப்புள்ளி (நகராத அடையாளப் புள்ளி) வைத்து, அதோடு ஒப்பிட்டு வீட்டின் லெவல் (உயர அளவு) எடுக்கச் சொல்லுங்கள்.