வலி நின்றது குணமாகி அல்ல

கேள்வி: மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலி வந்தபோது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நின்றுவிட்டது. இப்போது ஈறில் பரு மாதிரி வந்து வந்து போகிறது. பல் டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறான். எங்கள் வீட்டில் வலி வந்தால்தான் போவோம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்கிறார் மாமியார். பல்லும் மஞ்சள், தேய்த்தால் ரத்தம். பரீட்சை முடியட்டுமா?

பதில்: பரீட்சைவரை வேண்டாம் அம்மா. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

எனக்குக் கவலை அந்தப் பருதான். வலி நின்றது பல் குணமானதால் அல்ல. உள்ளே நரம்பு செத்துப்போனதால். கிருமி வேர் நுனியில் சீழாகச் சேர்ந்து, எலும்பை அரித்துக்கொண்டு ஈறு வழியாக வடிகிறது. வாயில் அவ்வப்போது உப்புக் கரிக்கிறதா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். மறுபடி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. வீக்கம் தணியும், மூலம் அப்படியே இருக்கும். கிராம்பு எண்ணெயும் இதற்கு உதவாது, ஈறைப் புண்ணாக்கும்.

பல்லைப் பிடுங்கினால் பார்வை போகாது. மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அரிதாகக் கண்ணுக்கு ஆபத்து வந்தாலும், அது பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட சீழ் மேலே பரவுவதால் வரும். கன்னம் வீங்கி கீழ் இமைவரை ஏறினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ, நடு ராத்திரியானாலும் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இப்போதே போனால் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சையிலேயே (ரூட் கெனால்) காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

அவன் வர மறுப்பதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். வலி வந்தால்தான் போவோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பல் மருத்துவமனை என்றாலே ஊசியும் வலியும்தான். சின்ன வயதில் கையைப் பிடித்து இழுத்துப் போகலாம்; இந்த வயதில் முடியாது. டியூஷன், பரீட்சை என்று தள்ளிப்போடக் காரணங்களும் கூடும். பாருங்கள், இரண்டாம் கடைவாய்ப் பல் முளைப்பதே 12 வயதுவாக்கில்தான். புதுப் பல் வரும் நேரத்தில் பல் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறோம்.

மரப்பு ஊசி போட்ட பிறகு அழுத்தம் தெரியும், வலி தெரியாது என்று சொல்லுங்கள். வலித்தால் கையைத் தூக்குவேன், உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் அவனே பேசி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பிடி தன் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அதே நாளில் நீங்களும் அவன் அப்பாவும் டாக்டரிடம் பல்லைக் காட்டுங்கள். திட்டுவதைவிட அதைத்தான் அவன் கவனிப்பான்.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் பல்லின் இயல்பு. வீடியோ பார்த்து எலுமிச்சையும் கரித்தூளும் தேய்த்தால் எனாமல்தான் போகும். ரத்தம் வருவது ஈறோரம் படிந்த அழுக்கால். டாக்டரிடம் க்ளீன் செய்து, மென்மையான பிரஷ்ஷால் ராத்திரியும் தேய்த்தால் அடங்கும். க்ளீன் செய்வதால் பல் ஆடாது. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள்.

செலவுதான் தயக்கம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். பருவைப் பற்றி முதலில் சொல்லுங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.