கேமரா பாடிக்கு ஒரு விலை, லென்ஸுக்கு ஒரு விலை: ஏன் இந்த ஓரவஞ்சனை?

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) கேமரா பாடி, அதோடு வந்த கிட் லென்ஸ், தனியாக ஒரு 70-200 எஃப் 2.8 லென்ஸ், எல்லாம் ஒரே நாளில் வாங்கினேன். இப்போது விற்கப் போனால் பாடிக்குப் பாதி விலைகூடக் கேட்க ஆளில்லை. பெரிய லென்ஸுக்கு மட்டும் நல்ல விலை சொல்கிறார்கள். கிட் லென்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

பதில்: பாடிக்குள் இருப்பது படத்தைப் பதிவு செய்யும் சென்சார், பிராசஸர், ஆட்டோஃபோகஸ் மென்பொருள், அதாவது பாதிக்குமேல் கம்ப்யூட்டர்தான். உங்கள் கேமரா முன்பு எடுத்த மாதிரியேதான் இன்றைக்கும் படம் எடுக்கும், ஆனால் அடுத்த மாடல் அறிவித்த அன்றே அது பழைய மாடல். கேனான் 5டி மார்க் II 2008இல் வந்தது, மார்க் III 2012இல், மார்க் IV 2016இல். ஒவ்வொரு முறையும் புதியதுக்கு மாறுகிறவர்கள் பழையதை ஒரே சமயத்தில் சந்தைக்குக் கொண்டுவருவார்கள், விலை சரியாமல் என்ன செய்யும்?

லென்ஸில் அந்த அவசரம் இல்லை. கேனானின் ஈஎஃப் 135 எஃப் 2 லென்ஸ் 1996இல் வந்து, இருபது வருடத்துக்கும் மேலாக மாற்றமே இல்லாமல் விற்றது. அந்தக் காலத்துக்குள் எத்தனை பாடிகள் வந்து போயிருக்கும், பாருங்கள். கிட் லென்ஸ் கதை வேறு: பாடி வாங்குகிற பெரும்பாலானவர்களிடம் அது ஏற்கனவே இருக்கிறது, தனியாகக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? பேசாமல் பாடியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த லென்ஸை வாங்கினாலும் போட்ட பணம் திரும்பி வரும் என்று நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். முதலில் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் பாடியில் மாட்டும் வாயைப் பாருங்கள். கேனான் 2012இல் ஈஎஃப்-எம் என்று ஒரு மிரர்லெஸ் மவுண்ட் கொண்டுவந்தது. 2018இல் ஆர்எஃப் என்று இன்னொரு மிரர்லெஸ் மவுண்ட் வந்தது, 2023இல் ஈஎஃப்-எம் கதை முடிந்தது. கண்ணாடி வைத்த கேமராக்களுக்காக 1987இல் தொடங்கிய பழைய ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர்எஃப் பாடியில் போட்டால் ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். ஆனால் அவற்றைவிடப் புதிதான ஈஎஃப்-எம் லென்ஸைப் போட முடியாது. மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம்தான் காரணம். ஈஎஃபில் அது 44 மி.மீ., ஆர்எஃபில் 20, அதனால் அடாப்டர் உட்கார 24 மி.மீ. இடம் இருக்கிறது. ஈஎஃப்-எம்மில் வெறும் 18. லென்ஸ் பாடிக்குள்ளேயே 2 மி.மீ. இறங்க வேண்டும், அது நடக்காத காரியம். நல்ல லென்ஸ்தான், போட பாடி இல்லையென்றால் யாருக்கு வேண்டும்?

நிக்கானிலும் ஒரு வம்பு உண்டு. 1959இல் தொடங்கிய எஃப் மவுண்ட்டின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் திருகித் திருகி ஃபோகஸ் செய்யும். எஃப் லென்ஸை நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் பாடியில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் இல்லை. அதை வைத்துப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர்கள் அதைக் கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது? ஷட்டர் கவுண்ட்தான் முக்கியம் என்கிறார்களே?

பதில்: ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்குதான் அது. பாடிக்கு அது முக்கியம்தான், அதுவே எல்லாம் இல்லை. நிக்கான் டி850க்கு 2 லட்சம் முறை, கேனான் 5டி மார்க் IVக்கு 1.5 லட்சம் முறை என்று கம்பெனி சொல்வது சோதித்துப் பார்த்த அளவு, அது தாண்டிய மறுநாளே ஷட்டர் செத்துவிடாது. நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண் இருக்கும், கேனானில் பெரும்பாலும் இருக்காது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள், சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

லென்ஸில் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். மெல்லிய நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சை அது அரித்த தடம் போகாது. உள்ளே நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது, ஆனால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

கேள்வி: வாங்கிய விலையைவிட அதிகமாக ஒரு கேமராவை விற்றதாக நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா?

பதில்: 2020இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி என்றால் உண்மையாகவே இருக்கலாம். டிக்டாக்கில் பிரபலமாகி, கடைகளில் புதியது கிடைக்காமல் போனதால் பழையதற்கே புதியதைவிட அதிகம் கொடுத்தார்கள். 2024இல் எக்ஸ்100VI வந்துவிட்டது. வேறு கேமரா என்றால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.