லாமினைட்டிஸிலிருந்து தேறும் குதிரை மீது எப்போது ஏறலாம்?

கேள்வி: காங்கயம் அருகே எங்கள் தோட்டத்தில் ஒன்பது வயதுள்ள மார்வாரிப் பெண்குதிரை ஒன்று வளர்க்கிறோம். மாசி மாதம் ஓர் இரவு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மக்காச்சோள மூட்டையில் வாய் வைத்துவிட்டது. மறுநாள் மாலை முன்னங்கால்களை நீட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. மருத்துவர் லாமினைட்டிஸ் (குளம்பின் உட்புற அழற்சி) என்று சொல்லி ஊசி போட்டார். இப்போது வைகாசி, தினமும் ஒரு வேளை பினைல்பூட்டசோன் என்ற வலி மருந்துப் பொடி கொடுக்கிறோம், நன்றாக நடக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குள் ஏறி ஓட்டலாமா? கொள்ளு, தவிடு மீண்டும் கொடுக்கலாமா?

பதில்: இந்த ஆடிக்குள் அதன் மீது ஏற வேண்டாம். குதிரை நன்றாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வலி மருந்து உடலில் இருக்கும்வரை அந்த நடையை வைத்து குளம்பு தேறிவிட்டதாக முடிவு செய்ய இயலாது. வலி மறைந்திருப்பதால் குதிரை தன் எடையைத் தயங்காமல் முன்னங்கால்களில் இறக்குகிறது என்பதும், அதனாலேயே உள்ளே பலவீனமாக இருக்கும் பகுதி மேலும் கிழிய வாய்ப்பு உண்டு என்பதும் கவனத்தில் இருக்க வேண்டும்.

குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பு அடிப்பகுதியின் மீது உட்கார்ந்திருப்பதில்லை. குளம்புச் சுவரின் உட்புறத்தோடு நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. அளவுக்கு மீறித் தின்ற மக்காச்சோளத்தின் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும்போது, நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அதன் விளைவாக இந்த மடிப்புகளின் பிடி தளர்கிறது. பின்புறத் தசைநாண் இழுக்கும் இழுப்பில் எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்புகிறது. நிலைமை மோசமானால் எலும்பு முழுவதுமே கீழே இறங்கிவிடும். ஒருமுறை பிரிந்த மடிப்புகள் அதே இடத்தில் மீண்டும் ஒட்டுவதில்லை. குளம்பும் தோலும் சேரும் மேல் ஓரத்திலிருந்து புதிய சுவர் நல்ல பிடிப்போடு வளர்ந்து இறங்கினால்தான் எலும்புக்கு மீண்டும் பலமான பிணைப்புக் கிடைக்கும்.

அந்த வளர்ச்சி மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர்தான். குளம்பின் முன்பகுதி சுமார் 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்று கொண்டால், முழுவதும் புதிதாக வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். மாசியிலிருந்து ஆடி வரை ஐந்து மாதங்கள். அதற்குள் பாதியளவே இறங்கியிருக்கும். இதை நீங்களே பார்க்கலாம். குளம்பைக் கழுவித் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு வரிப்பள்ளமும், அதற்கு மேலே செங்குத்தாக வரும் புதுச்சுவரும், கீழே சற்றே முன்னோக்கி விரியும் பழைய சுவரும் தெரியும். வரிகள் குதிகாலில் அகலமாகவும் முன்பக்கம் நெருக்கமாகவும் இருப்பது இந்த நோய்க்கே உரிய அடையாளம்.

முதலில் செய்ய வேண்டியது, இரு முன்னங்கால்களுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே. குளம்பு மெல்லிய பகுதி என்பதால் கையில் கொண்டுவரும் சிறிய கருவியே போதும். அது கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். குளம்புச் சுவரின் முன்பக்கத்தில் மேல் ஓரத்திலிருந்து தொடங்கி ஒரு கம்பித் துண்டை ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அப்போதுதான் துல்லியமாக அளக்க முடியும். எலும்பு முனைக்கும் தரைக்கும் இடையில் அடிப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ 15 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது.

லாடம் அடிப்பவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டே கத்தியை எடுக்க வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் காளைகளுக்கு லாடம் கட்டிப் பழகியவர்களே குதிரைக்கும் வருகிறார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அடிப்பகுதியை வழவழவென்று செதுக்கிக் கொடுக்கும் வழக்கம் இந்தக் குதிரைக்கு ஆபத்து. அடிப்பகுதியைத் தொடக் கூடாது. முன்னால் நீண்டுவரும் நுனியை மட்டும் பின்னுக்குத் தேய்த்து, நான்கு ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை சீர் செய்ய வேண்டும். ஆணி அடித்து லாடம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிவைத்து, மெத்தை வைத்த குளம்பு பூட்ஸ் கிடைத்தால் போடுங்கள். லாயத்தில் சிமெண்ட் தரை இருந்தால் அரை அடிக்குக் குறையாமல் தென்னைநார்க் கழிவைப் பரப்பிவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தீனித் தொட்டி இருக்கும் இடத்திலும் பரப்ப வேண்டும், ஏனெனில் குதிரை அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

கொள்ளு, கம்பு, மக்காச்சோளம், வெல்லம் எதுவும் இப்போது வேண்டாம். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் எடை சுமார் 344 கிலோ. குதிரை பருமனாக இருந்தால் எடையில் 1.5 சதவீதம், அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த புல், நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பட்டினி போடுவது தவறு. இரத்தத்தில் கொழுப்பேறி வேறு சிக்கல் வரும்.

கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப் புல் சர்க்கரைச் சத்துக் குறைந்தது என்பதால் இந்த நோய்க்கு ஏற்றதுதான். ஆனால் அதில் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. அந்தப் புல்லை மட்டுமே பல மாதங்கள் தின்னும் குதிரைக்கு எலும்பு பலவீனமாகி முக எலும்பு தடித்துவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால் அந்தக் குறை இன்னும் கூடும்; ஆகவே தவிடும் வேண்டாம். அதற்கு மாறாக, குதிரை மசால் என்னும் கால்சியம் மிகுந்த தீவனப் பயிரைக் காயவைத்து நாளுக்கு ஒரு கிலோ அளவில் சேருங்கள். இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பல்லடம், நாமக்கல் பக்கங்களில் தோட்டத்திலேயே கோழிப்பண்ணையும் இருக்கும். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கி உயிரையே பறிக்கும். அந்த மூட்டைகளைப் பூட்டிய அறையில் வையுங்கள்.

பிடரியின் மேல் கொழுப்புத் திரண்டிருந்தால் இரத்தத்தில் இன்சுலின் அளவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறு எந்த நோய்க்காகவும் ஸ்டீராய்டு ஊசி போட வந்தால், இந்தக் குதிரைக்கு லாமினைட்டிஸ் வந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலி மருந்தை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். நீண்ட நாள் கொடுத்தால் அது இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். மருந்து முற்றிலும் நின்று ஒரு மாதமாவது கழிந்து, கடினத் தரையிலும் குறுகலாகத் திரும்பும்போதும் குதிரை தயங்காமல் இருந்து, எக்ஸ்ரேயில் எலும்பு மேற்கொண்டு அசையவில்லை என்றும் தெரிந்தால், உழுது பரம்படித்த மண்ணில் நேர்கோட்டில் கையில் பிடித்துப் பத்து நிமிடம் நடத்தலாம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வட்டமாக ஓட்டுவது வேண்டாம். திரும்பும்போது ஒரு பக்கச் சுவரின் மேல் மட்டும் பாரம் ஏறும். முக்கால்வாசிக் குளம்பாவது புதிதாக இறங்கிய பிறகே சேணம் போட்டு, எடை குறைந்த ஒருவர் ஏறி நடை மட்டும் பழக்க வேண்டும். இன்றைய நிலையில் அது ஐப்பசி, கார்த்திகைக்கு முன் வராது. ஓட்டமும், மார்வாரிக் குதிரைகளுக்கே உரிய ரவால் நடையும் அதற்கும் பின்னரே. லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் காட்சிக்காகக் கொண்டுபோவதும் இந்த ஆண்டு வேண்டாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னங்கால்களை ஊன்றித்தான் அது நிற்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நாளும் நடத்துவதற்கு முன், முன்னங்கால் கணுவின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். நலமான குதிரைக்கு அது தேடித்தான் கிடைக்கும். தொட்டவுடன் துடித்து, குளம்பும் சூடாக இருந்தால் அன்று நடத்தாமல் மருத்துவரை அழையுங்கள். மீண்டும் தானியம் தின்றுவிட்டால் நொண்டும்வரை காத்திருக்க வேண்டாம். நொண்டல் தெரிய ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகும், காப்பாற்றுவதற்கான நேரமும் அதுவே. மருத்துவர் வருவதற்குள் முன்னங்கால்களைக் கணுவுக்கு மேல் வரை ஐஸ் கலந்த நீரில் நிற்கவையுங்கள். இரண்டு மூன்று நாட்கள் ஐஸ் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், வயிறு இளகட்டும் என்று நடத்துவதும் கூடாது.